பனிமய மாதாவின் ஊரில் மகிழ்ந்திருங்கள்



திருவிழா நாள்களில் கோயில் முற்றத்தில் என்னைப் பார்த்ததும் பலர் தயங்கித் தயங்கிச் சொல்வது ஒன்று உண்டு. “சாமி, நவநாளுக்குத்தான் வந்தோம். பிள்ளைகள் ராட்டினத்துக்கு இழுத்துட்டுப் போயிருச்சு. வளையல் கடை, அல்வாக் கடைன்னு நேரம் போயிட்டு. செபத்துல மனசு நிக்கல.” சொல்லும்போதே முகம் வாடிவிடும். மகளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தது மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியமா? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதல் வாசகத்தில் நெகேமியா நூலிலிருந்து கேட்டோம். பாபிலோனிலிருந்து திரும்பிவந்த மக்கள் எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு எதிரே கூடியிருக்கிறார்கள். குரு எஸ்ரா மர மேடைமேல் நின்று, விடிந்ததிலிருந்து நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். கேட்டவர்கள் அழுகிறார்கள். நாமாக இருந்தால் அந்த அழுகையைப் பார்த்து, தியானம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்திருப்போம். ஆனால் எஸ்ராவும் நெகேமியாவும் லேவியரும் அழவேண்டாம் என்று தடுக்கிறார்கள். வீட்டுக்குப் போங்கள், நல்ல விருந்து சமைத்துச் சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், சமைக்க வழியில்லாதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். இடிந்த மதிலை அப்போதுதான் எழுப்பி முடித்த ஊர் அது. செய்யவேண்டிய வேலை இன்னும் எத்தனையோ கிடந்தது. அந்த ஊரிடம் அன்று இறைவன் கேட்டது விருந்தைத்தான்.

நம் ஆண்டவரும் திருவிழாக்களுக்குப் போய் வளர்ந்த பிள்ளை. மரியாவும் யோசேப்பும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். உறவும் நட்புமாகக் கூட்டமாய் நடந்து போகிற பயணம். அந்தக் கூட்டத்தில்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காணாமல் மாதா மூன்று நாள் தவித்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நீங்கள் படுகிற பதற்றம் அவர்கள் அறியாததல்ல. பிள்ளைகளோடு திருவிழாவுக்கு வருகிறவர்களை இந்த மாதா புரிந்துகொள்வார்கள்.

நம் தூத்துக்குடியைக் கொஞ்சம் பாருங்கள். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம். துறைமுகத்திலிருந்து சங்கு ஒலிக்க, புறாக்கள் பறக்க, கொடிமரத்தடியில் பாலும் பழமும் காணிக்கையாகக் குவிகின்றன. அந்தப் பாலை ஏந்தி நிற்பவர்களில் பலரை ஞாயிறு திருப்பலியில் பார்க்க முடியாது. அவர்கள் இந்துக்கள், இஸ்லாமியர்கள். அவர்களுக்கும் பனிமய மாதா தஸ்நேவிஸ் மாதாதான். சிவன் கோயில் சித்திரைத் தேருக்கு நம் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்பதைப் போலவே, மாதா கோயிலுக்கு அவர்கள் வருகிறார்கள். ஆகஸ்ட் 5 வரை இந்தக் கடற்கரைச் சாலை ஊர் முழுவதையும் தாங்கி நிற்கிறது.

இந்தக் கடல் நமக்குக் கொண்டுவந்தவை பல. முத்துக்குளித்துறையில் நம் முன்னோர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். இந்த ஆலயம் 1713-இல் மந்திரிக்கப்பட்டது. தங்கத் தேர் முதன்முதலில் 1806-இல் ஓடியது. போர்த்துக்கீசியர் வந்த அதே கடல்வழியாகத்தான் பிரேசில் நாட்டு முந்திரியும் நம் நாட்டுக்கு வந்தது. இன்று நீங்கள் விருந்தாளிக்கு வாங்கிக் கொடுத்தனுப்புகிற மக்ரூனில் இருப்பது அந்த முந்திரிதான். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரித்தூளைப் பக்குவமாகக் கலந்து, கூம்பு கூம்பாக இட்டு, குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கிறார்கள். அவசரப்பட்டால் உடைந்துபோகும். வாயில் கரைவது ஒரு நொடி. அதற்குப் பின்னால் ஒருவருடைய இரவுத் தூக்கம் இருக்கிறது. அதை நன்றியோடு சுவைப்பது செபத்துக்குப் பகை என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

மீனவக் குடும்பங்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் என்ன செய்தார்? இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் படாமல் திரும்புகிறவர்களுக்காகக் கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்துக் காத்திருந்தார். வலை நிறைந்த பிறகு, அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். பேதுருவிடம் அவர் பேசவேண்டியது இருந்தது; மூன்று முறை மறுதலித்தவர் அல்லவா? ஆனால் அந்தப் பேச்சைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் தொடங்கினார். கடற்கரையில் அடுப்பு மூட்டத் தெரிந்த ஆண்டவர் அவர். 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய், கையில் கொஞ்சம் காசு புழங்கும்போது வருகிறது நம் திருவிழா. சீலாக் குழம்பும் விளமீன் பொரியலும் வைத்து, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளையும் மருமகனையும் அழைத்து உட்காரவைக்கிற வீட்டில் ஆண்டவர் ஓரமாக நிற்கமாட்டார். அவரும் இலை முன்னால் உட்காருவார்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. நம் பிள்ளைகளில் பலர் இந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நம்பி வளர்கிறார்கள். விடுமுறை என்றால் கொடைக்கானல், இல்லையென்றால் கைப்பேசி. பழைய துறைமுகத்துத் தோணிகளைக் காட்டி, இவை இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகின்றன என்று யார் அவர்களுக்குச் சொல்கிறோம்? தண்ணீருக்குத் தவித்த நகரத்துக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணியைக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து சிலை முன்னால் பிள்ளையோடு ஐந்து நிமிடம் நின்றிருக்கிறோமா? காணும் பொங்கலன்று முயல் தீவுக்குக் கூட்டமாய்ப் போகிறோம், நல்லது. மற்ற நாள்களிலும் ஒரு மாலை போய் உட்காரலாம். செக்கரியா இறைவாக்கினர் மீட்கப்பட்ட எருசலேமைக் காட்டும்போது, முதியவர்கள் கோலூன்றித் தெருவில் அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் வீதிகளில் நிறைந்து விளையாடுவதையும்தான் காட்டுகிறார். ரோச் பூங்காவில் மாலையில் ஒரு தாத்தா பேரனோடு உட்கார்ந்திருப்பது கடவுளுடைய கனவு.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆகஸ்ட் 5-இல் தங்கத் தேர் ஓடியது. ஊர் கொள்ளாத கூட்டம். அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நாம் நடந்து திரிந்த தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது எந்தச் சந்தின் கடைசி வீட்டில் நடக்கமுடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று யார் அறிந்திருந்தார்கள்? அந்தத் தெருவில் பலகாரம் வாங்கியவர்கள், சப்பரத்தின் பின்னால் அந்தச் சந்தில் நடந்தவர்கள், பூங்காவில் அந்தப் பாட்டியோடு பேசியவர்கள். ஊருக்குள் மகிழ்ந்து திரிந்த கால்கள்தான் இடுப்பளவு தண்ணீரிலும் வழி தெரிந்து சோற்றுப் பொட்டலத்தோடு போயின. அன்று ‘சமைக்க வழியில்லாதவர்’ யார் என்பதை நெகேமியா நூலைத் திறக்காமலே நாம் புரிந்துகொண்டோம்.

தண்ணீர் வடிந்த பிறகும் அத்தகையவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். இந்தத் திருவிழாவில் நீங்கள் சுவைத்த ஒவ்வொரு குழம்பிலும் நம் அளத்து உப்பு இருக்கிறது. விடியுமுன்னே அளத்தில் இறங்கி, வெயிலில் வெள்ளை உப்பு கண்ணைக் கூச, உப்புநீரில் பாதம் வெடிக்க வாருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்! மழைக்காலம் வந்தால் அவர்களுக்கு வேலை இல்லை. இப்போது உப்பு விளைகிற பருவம். திருவிழா விடுமுறை எடுத்தால் கூலி போய்விடும் என்று கொடியேற்றத்தைக்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் உண்டு. வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் கட்டடம் கட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று சப்பரத்தைப் பார்த்துவிட்டு, யாரும் அவர்களிடம் பேசாமலே அறைக்குத் திரும்புகிறார்கள்.

ஆகவே இன்று நவநாள் முடிந்ததும் ராட்டினத்துக்குப் போங்கள். வளையல் வாங்குங்கள். நாளைக் காலை முதல் திருப்பலிக்குப் பிறகு இளையோர் இரண்டு வண்டிகளில் அளத்துக்குப் புறப்படுகிறார்கள். உங்கள் வீட்டில் இன்றிரவு செய்கிற பலகாரத்தில் ஒரு பங்கைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். கோயில் வாசலில் மேசை போட்டிருக்கும். இடம் இருக்கிறது; பிள்ளைகளோடு நீங்களும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.