ஆப்பில் சிக்கிய பணம் யாருடையது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும். அம்மா பஃது.



சில வாரங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு ஒரு தம்பி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஒரு துஆ செய்யுங்க. ஆப்புல 84 ஆயிரம் ஜெயிச்சிருக்கேன். எடுக்கப் போனா கணக்கை முடக்கிட்டாங்க. 15 ஆயிரம் வரி கட்டினாத்தான் விடுவோம்னு சொல்றாங்க. அந்தப் பணம் கைக்கு வரணும்" என்றார். போட்ட பணம் எது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். சவூதியில் வெயிலில் நின்று அத்தா சம்பாதித்து, வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணம்.

"தம்பி, அந்த 84 ஆயிரத்துக்கு நான் துஆ செய்ய முடியாது. உங்களுக்காகச் செய்கிறேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆம் வசனங்களில் மதுவோடு சேர்த்தே சூதையும் ஷைத்தானின் அசுத்தச் செயல் என்கிறான் அல்லாஹ். அது பகையை மூட்டும், தொழுகையை மறக்கடிக்கும் என்று காரணமும் சொல்கிறான். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நாம் கொதிக்கிறோம். ஆனால் நமக்குக் கிடைக்கவிருந்த பணம் எங்கிருந்து வந்தது? நம்மைப் போலவே இன்னொரு வீட்டுப் பிள்ளை தோற்ற பணம் அது. அவனுடைய தாயும் அழுதிருப்பாள்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30 ஆவது பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. இங்கிலாந்தில் 2018 இல் ஒருவர் செல்போன் ஆட்டத்தில் 17 லட்சம் பவுண்டு ஜெயித்தார். மென்பொருள் கோளாறு என்று கம்பெனி தர மறுத்தது. 2021 இல்தான் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கே சூதாட்டம் சட்டப்படி நடக்கும் தொழில். அங்கேயே மூன்று ஆண்டுகள் அலைந்தார். இங்கோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். அதன்பின் பெரிய கம்பெனிகள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. இன்றும் திருட்டுத்தனமாக ஆட வைப்பவனிடம் நாம் எந்த நியாயத்தை எதிர்பார்ப்பது?

ஆகவே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, நீங்கள் போட்டு இன்னும் ஆடாமல் இருக்கும் பணம். அது உங்களுடையது. எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டு ஆப்பை அழித்துவிடுங்கள்.

இரண்டு, ஜெயித்த பணம். அது நமக்கு ஹலால் இல்லை. ஏற்கனவே கைக்கு வந்திருந்தால், உரியவர் யாரென்று தெரியாத நிலையில், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உலமாக்கள் கூறுகிறார்கள்.

மூன்று, வரி கட்டு, கட்டணம் கட்டு என்று கேட்பது. வரி என்றால் தரும் பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். முன்கூட்டியே கட்டச் சொல்வது மோசடி. ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நண்பனைச் சூதாட அழைத்தவர் அதற்காக ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. வாயால் அழைத்ததற்கே பரிகாரம்! போனஸுக்காக நண்பர்களுக்கு லிங்க் அனுப்பியவர்கள் யோசிக்க வேண்டும். அனுப்பியவரிடமே போய், "நான் செய்தது தப்பு, நீ விட்டுவிடு" என்று சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை வந்து உண்மையைச் சொன்னால் அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். பயந்து மறைக்கிறவன்தான் வட்டிக்கு வாங்கி மறுபடி ஆடுகிறான். கடனால் உயிரையே விட்டவர்களின் செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்துவிட்டோம்! மனம் உடைந்திருந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. பள்ளிவாசல் கதவும் திறந்தே இருக்கிறது.

அந்தத் தம்பி அன்றிரவே என் முன்னால் ஆப்பை அழித்தார். அத்தாவுக்குப் போன் போட்டுத் தானே சொன்னார். அந்த 15 ஆயிரம் தப்பியது. அதைவிட, ஒரு பிள்ளை தப்பினான்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளுக்குள் ஹராமான ஒரு ரூபாயும் நுழையாமல் காப்பாயாக. வழி தவறிய எங்கள் பிள்ளைகளின் தவ்பாவை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.