மலையும் காரியமே

சாரற்காலத்து ஒரு நாட்காலை, திருக்குற்றாலத்துப் பேரருவியில் நீராடிக் குற்றாலநாதர் சந்நிதியை வணங்கிப் புறம்போந்து நின்றேம். உடன்வந்த மாணவர் ஒருவர் திரிகூடமலையை நோக்கி, "ஐயா, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது எனப் பாடஞ் சொன்னீர்கள். உடம்பும் மரமும் அவ்வாறாதல் கண்கூடு. இம்மலை தோன்றியதைக் கண்டார் யார்? ஒடுங்குதலைக் காண்பார் யார்?" என வினவினார். இது சிறு வினாவன்று. உலகம் என்றும் இவ்வாறே உள்ளது என்னும் மீமாஞ்சகர் முதலாயினோர் சிவஞானபோத முதற்சூத்திரத்திற்கு நிகழ்த்துந் தடையே இது. ஆகலின் ஈண்டு ஆராய்வாம்.

மலையின் தோற்றத்தைக் கண்டார் இலரேனும், அதன் கல்லே அதற்குச் சான்றாம். இப்பக்கத்து மலைகளிற் காணப்படும் பாறைகளுள் ஒன்று சார்னோக்கைட்டு என நிலநூலாரால் வழங்கப்படுவது. கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாய் அமைந்தமையின், 1893-ஆம் ஆண்டில் ஹாலண்டு என்னும் அறிஞர் இவ்வினத்திற்கு அப்பெயரிட்டனர். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றும் இவ்வினத்ததே. இக்கல் நிலத்தின் மேற்புறத்தே உண்டாவதன்று. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில், 800 பாகையினும் மிக்க வெப்பத்தில், மேலுள்ள பாறைகளின் பொறையால் நெருக்குண்டு, முன்னிருந்த கல்லே உருத்திரிந்து இதுவாயிற்று. அது நிகழ்ந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகட்கு முன் என்ப. அக்காலத்து இந்நிலம், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிக்கா என்பவற்றோடு ஒட்டிக் கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் கூறாய் நின்றது. மடகாஸ்கர் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன்னர். இந்நிலம் வடக்கே பெயர்ந்து ஆசியாவோடு முட்டத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன்னர். அம்முட்டினால் எழுந்த இமயம், திரிகூடத்துக் கல்லினும் மிக இளையதாம்.

இனி, ஒடுக்கம் யாண்டு எனின், கூறுதும். அத்துணை ஆழத்துப் பிறந்த கல் இன்று வெயிலிற் காய்கின்றதெனின், அதன்மேற் கிடந்தன யாவும் தேய்ந்தொழிந்தன என்பது தானே பெறப்படும். அருவி இடையே வீழ்ந்து பொங்கும் பொங்குமாகடல், நீரே பாறையைக் குடைந்த பள்ளமன்றோ? அங்குத் தேய்ந்த துகளைச் சிற்றாறு சுமந்து, சீவலப்பேரியிற் பொருநையோடு கலந்து, கடலிற் கொண்டு சேர்க்கின்றது. ஒடுக்கத்தைக் காண்பார் யார் என வினவிய மாணவர், தம் தலைமீது வீழ்ந்த நீரில் அவ்வொடுக்கத்தையே ஏற்று நின்றார்.

அற்றேல், வெப்பமும் நீருமே இவை யாவும் செய்யுமாகலின் கருத்தா வேண்டா எனின், அற்றன்று. திரிகையும் நீரும் உளவென்று குயவனை வேண்டாதொழிவார் இலர். அவை சடம், தாமே ஒரு பயன் குறித்துத் தொழிற்படா. ஆயினும் ஒன்று தெளிதல் வேண்டும். நிலநூல் முதல்வனை நாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மலை காரியம் என்னும் ஏதுவையே அது வலியுறுத்தும். அதன்மேற் கருத்தாவைத் துணிதல் நம் சாத்திரத்தின் தொழில். நம்மவருட் சிலர் கற்பக் கணக்கையும் நிலநூற் கணக்கையும் இழுத்துப் பொருத்தி, இவை யாவும் முன்னரே எம் நூலில் உள என்று மகிழ்வர். அது வேண்டாத வேலை. அக்கணக்கு நாளை மாறின், சித்தாந்தமும் உடன் மாறுமோ? காலம் நெடிதாதலால் காரியம் நித்தமாகாது. 55 கோடியும் எண்ணப்பட்ட எண்ணே. மாயை ஒன்றே அழியாது நின்று மீளவும் உருக்கொள்வது.

அன்று மாலை தென்காசி சென்று விசுவநாதரை வணங்கினேம். 1446-ஆம் ஆண்டில் அவ்வாலயத் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியர், பின்னாளில் அதனைப் பழுதுபார்த்துக் காப்பார் அடிகளைத் தாம் வணங்குவதாகக் கல்லில் வெட்டுவித்தனர். மலையைப் பிளந்து ஆலயம் எடுத்த அரசர், கல்லும் பழுதுறும் என்று அறிந்திருந்தனர். அவ்வாறே சிதைந்து நெடுங்காலம் நின்ற இராசகோபுரம், 1990-ஆம் ஆண்டில் மீண்டும் நிறைவெய்திக் குடமுழுக்குக் கண்டது. மாணவர் அக்கல்வெட்டின்முன் நெடும்போது வாளா நின்றார். பின்னர், "ஐயா, அழியும் என்று தெரிந்தே எடுத்தனரே" என்றார். ஆம். தனு கரண புவன போகங்கள் யாவும் அத்தகையனவே. அழிவனவாயினும், அழியாத உயிரின் மலம் பரிபாகமுறும்பொருட்டு அளிக்கப்பட்டன. மலையும் அதன்பொருட்டே நிற்கின்றது. அது நிற்குங் காலம் நெடிதென்று நம் காலத்தை வீணே கழித்தல் தகாது.

சிவம்.