கத்தி பழகும் கை

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்னும் பழமொழியைக் கேட்டு நகையாடாதவர் நம்மிடையே இலர். அது ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதன் திரிபு என்று விளக்கம் கூறுவாரும் உளர். மூலிகை மருத்துவனுக்கு அவ்விளக்கம் நன்கு பொருந்தும். அறுவை மருத்துவம் பயிலும் இளைஞர் ஒருவரிடம் இவ்விரு வடிவங்களையும் சொல்லி, எது மெய் என்று ஒருநாள் வினவினோம். அவர் நகைக்கவில்லை. ‘பகலில் படிக்கும்போது இரண்டாவது மெய், இரவில் படுக்கும்போது முதலாவது மெய், அண்ணாச்சி’ என்றார். அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்து.

நாம் குடியிருப்பது தில்லி புசா ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடும் அச்சாலையில் பி.எல். கபூர் மருத்துவமனை உண்டு. சற்றே தள்ளி, 1921இல் லாகூரில் தோன்றிப் பிரிவினைக்குப் பின் தில்லியில் மறுபிறவி எடுத்த சர் கங்காராம் மருத்துவமனை உண்டு. ஆகவே எம் பகுதியில் வாடகைக்கு அறை தேடுவோருள் இளம் மருத்துவர்க்குக் குறைவில்லை. எம் வீட்டு மொட்டைமாடி அறையில் மூன்றாண்டுகள் தங்கியிருந்த நெல்லைச் சீமை இளைஞர், நகரின் வேறொரு மூலையிலுள்ள மருத்துவமனையில் அறுவை மருத்துவ மேற்படிப்புப் பயின்றவர். அவர் எந்நேரம் வருவார், எந்நேரம் போவார் என்பதை எம் இல்லத்தார் ஒருநாளும் கணித்ததில்லை. அடுப்பில் வைத்த பாலை மறந்து அவர் உறங்கிப்போன இரவுகள் பல.

அறுவை மருத்துவப் பயிற்சி என்றவுடன் கத்தியே நம் நினைவுக்கு வருகின்றது. முதலாண்டு மாணவர் கைக்குக் கத்தி எளிதில் வருவதில்லை. குருதி எடுத்தல், ஆய்வுக்கூட முடிவுகளைத் தேடிக் கொணர்தல், வீடு செல்லும் நோயாளிக்குக் குறிப்பெழுதுதல், அறுவையின்போது புண்வாயை விரித்துப் பிடிக்கும் கருவியை அசையாது தாங்கி நிற்றல் ஆகியவையே அவர்தம் பணி. பின்னர்த் தையல், அதன்பின் குடல்வால், குடலிறக்கம் போன்ற சிற்றறுவைகள். அவ்விளைஞர் தம் பதிவேட்டை ஒருமுறை எமக்குக் காட்டினார். பார்த்தது, துணை நின்றது, மேற்பார்வையில் செய்தது, தாமே செய்தது என்று ஒவ்வோர் அறுவையும் அதில் வகைப்படுத்தப்பட்டிருந்தது. கோப்புகளோடு வாழும் எழுத்தராகிய எமக்கு அது மிகப் பழகிய பொருளாகத் தோன்றிற்று. நாமும் குறிப்பெழுதக் கற்ற காலத்தில் பிரிவு அலுவலர் எம் வரைவைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியதுண்டு. ஆனால் வரைவை மீண்டும் எழுதலாம். உடலை அவ்வாறு எழுத இயலுமோ?

இப்பயிற்சியாளர் தம் பயிற்சியைப் பற்றி என்ன எண்ணுகின்றனர்? உறக்கமின்மையே அவர்தம் முதற்குறை என்று நாம் நினைத்திருந்தோம். 1992இல் மத்திய அரசு வகுத்த உறைவிட மருத்துவர் திட்டத்தின்படி, தொடர்பணி இயல்பாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்திற்கு 48 மணி நேரத்தையும் கடத்தல் ஆகாது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் மாணவர் மனநலம் பற்றி அமைத்த பணிக்குழுவோ, வாரத்திற்கு 74 மணி நேரத்திற்கு மிகாதிருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. முன்னைய விதி 48 என்றிருக்கப் பின்னைய பரிந்துரை 74 என்றால், நடைமுறை எங்கு நின்றது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. சுற்றறிக்கைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொலைவை அரசு எழுத்தர் அறியாதவர் அல்லர்.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. 1889இல் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார், மாணவர் மருத்துவமனையிலேயே உறைந்து படிப்படியாகப் பொறுப்பேற்கும் முறையை வகுத்தார். ‘ரெசிடென்ட்’ என்னும் பெயரே உறைபவர் என்று பொருள்படுவது. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி ஒருத்தி இறக்கவே, அயர்ந்த பயிற்சி மருத்துவர்களின் கையில் நோயாளியை விடலாமோ என்ற வினா எழுந்தது. 2003இல் அந்நாடு முழுவதும் வாரத்திற்கு 80 மணி நேரம் என்னும் வரம்பு வந்தது. பின்னர் 117 அறுவை மருத்துவப் பயிற்சித் திட்டங்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2016இல் வெளியாயிற்று. அந்த 80 மணி வரம்புக்குள்ளேயே, ஒரு தொடர்பணி எவ்வளவு நீளலாம் என்ற கட்டுப்பாட்டைச் சில திட்டங்களில் தளர்த்திப் பார்த்தனர். நோயாளிகளுக்குத் தீங்கு மிகவில்லை. பயிற்சியாளரின் ஒட்டுமொத்த மனநிறைவிலும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. தளர்த்தப்பட்ட இடத்தில் இருந்தோர், தொடங்கிய அறுவையை நடுவில் விட்டுச் செல்ல வேண்டாமையை விரும்பினர். தம் சொந்த வாழ்வு சுருங்கியதற்கு வருந்தினர். ஆக, மணிக்கணக்கு மட்டுமே அவர்தம் உள்ளத்தை அளக்கும் கோல் அன்று.

எம் மாடி இளைஞரும் அதையே வேறு சொற்களில் கூறினார். ‘நெடுநேரம் நிற்பது கால்வலி, தனியே நிற்பதுதான் மனவலி’ என்பது அவர் கூற்று. கூட்டம் மலிந்த அரசு மருத்துவமனையில் பயில்வோர்க்குக் கைக்கு வேலை நிறைய உண்டு. நள்ளிரவில் அருகே நின்று கைப்பிடித்துக் காட்டும் ஆசிரியரோ எப்போதும் கிட்டுவதில்லை. கட்டணம் செலுத்தும் மருத்துவமனையில் ஆசிரியர் அருகிலேயே இருப்பார். ஆனால் நோயாளிகள் அவர் கையையே வேண்டுவதால், மாணவர் நுண்துளை அறுவையில் கேமராவைப் பிடித்துத் திரையைப் பார்த்து நிற்பதே மிகுதி. ஒருவர் பயிற்றப்படாமல் ஒப்படைக்கப்படுகிறார். மற்றவர் ஒப்படைக்கப்படாமல் பயிற்றப்படுகிறார். இருவர் நெஞ்சிலும் அச்சமே எஞ்சுகின்றது.

இங்கேதான் அறம் பற்றிய வினா எழுகின்றது. பழகிய கை வேண்டும் என்பார் அனைவரும்; பழகுவதற்குத் தம் உடலைத் தருவார் யாவர்? பூசணி, சுரை முதலியவற்றில் வெட்டுதலையும், தாமரைத் தண்டில் நரம்பு கீறுதலையும், துணியிலும் மென்தோலிலும் தைத்தலையும் மாணவன் முதலில் பழகவேண்டும் என்று சுசுருத சம்ஹிதை அந்நாளிலேயே விதித்துள்ளது. இந்நாளில் அவ்விடத்தில் பாவைகளும் கணினிகளும் வந்துள்ளன. எனினும் சுரைக்காயிலிருந்து மனிதனுக்குச் செல்லும் அந்த ஓர் அடியை எவரேனும் ஒருவர் உடலில்தான் எடுத்து வைத்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் கேள்வி கேட்க அறியாத ஏழை. அவர் உடலில் கற்ற கை, பின்னர் பொருளுடையார் உடலைக் காக்கின்றது. இக்கடனை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை.

பிறர்மேல் பழி கூற எமக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு வலப்புறக் குடலிறக்கத்திற்கு அறுவை நிகழ்ந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன், ‘பெரிய மருத்துவரே செய்யவேண்டும், மாணவர் எவரும் தொடலாகாது’ என்று கண்டிப்பாகக் கூறினோம். அதைப் பெருமையாக மாடி இளைஞரிடமும் சொன்னோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு, ‘எல்லாரும் அப்படியே சொன்னால், அடுத்த தலைமுறைக்குப் பெரிய மருத்துவர் எங்கிருந்து வருவார், அண்ணாச்சி?’ என்று மெல்லக் கேட்டார். எம்மிடம் விடையில்லை. எம் மகனின் படிப்புச் சான்றிதழ்களில் கையொப்பம் வாங்க அவர் உதவியை நாடிய அதே வாயால், அவர் இனத்தாரின் கையை வேண்டாமென்று விலக்கியிருந்தோம்.

மூன்றாண்டுகள் கழித்து இடப்புறமும் அதே நோய் வந்தது. இம்முறை, ‘மாணவர் செய்யட்டும், நீங்கள் அருகில் நிற்கவேண்டும்’ என்று மருத்துவரிடம் வேண்டிக்கொண்டோம். துணிவால் சொன்னதன்று; வெட்கத்தால் சொன்னது. முதுகில் ஊசியிட்டு இடுப்பின் கீழ் மரத்துப்போக, விழித்தபடியே கிடந்தோம். திரைக்கு அப்பால் முகம் தெரியாத ஓர் இளங்குரல் ஏதோ கேட்டது. மூத்த குரல், ‘ஆராம் ஸே, மெதுவாக’ என்று இந்தியில் சொல்லிற்று. சிறிது நேர அமைதி. மீண்டும், ‘ஆம், அங்கேதான்’. எம் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை; ஆனால் அந்த இளநெஞ்சு அதனினும் விரைந்து அடித்திருக்கும் என்பதும் உண்மை. அச்சம் இருவரிடையே பகிரப்பட்டபோது பாதியாயிற்று. தழும்பு சற்றே கோணல், நலம் குறைவில்லை.

மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்வார் என நான்கு உறுப்புகளைத் திருவள்ளுவர் கூறினார். அந்நான்காம் இடத்தில் நிற்பவரே நாளை இரண்டாம் இடத்திற்கு வருபவர். அவர் வளர ஆசிரியர் அருகில் நிற்றல் கடன். ஓய்வு நேர விதியை ஏட்டோடு நிறுத்தாமல் நடப்பிக்கச் செய்தல் அரசின் கடன். ஏழைக்கும் உண்மையைச் சொல்லி இசைவு பெறுதல் மருத்துவமனையின் கடன். நம் மகவுக்குச் சிறந்த கை வேண்டுமென விழைவது குற்றமன்று. அவ்விழைவு பணமுடையார்க்கு மட்டும் உரியதாகும்போதே அது அநீதியாகின்றது. ஆதலின் ‘யார் அறுப்பார்?’ என்று மட்டும் வினவாமல், ‘அருகில் யார் நிற்பார்?’ என்று வினவப் பழகுவோம். ஏழைக்கும் செல்வர்க்கும் அவ்வினாவிற்கு ஒரே விடை கிடைக்கும் நாளில், மாடி அறை இளைஞர்கள் இரவில் அச்சமின்றி உறங்குவர்.