கருவியும் கருப்பொருளும்

ஒரு கருவி பழுதுற்றபோது நாம் முதலில் காக்க வேண்டியது கருவியையா, அக்கருவி தாங்கி நிற்கும் பொருளையா? கேட்ட மாத்திரத்தில், ‘பொருளைத்தான்’ என்று எவரும் விடை கூறுவர். ஆயினும், நடைமுறையில் நம்மிற் பலர் இதற்கு நேர்மாறாகவே நடந்து கொள்கின்றோம். இம்முரண்பாட்டை உணர்த்தும் சிறந்த சான்று, இயங்க மறுக்கும் கணினியாகும்.

கணினி விழித்தெழுவது ஒரு செயலன்று; பல செயல்களின் தொடர். மின்விசையை அழுத்தியதும், தாய்ப்பலகையில் பொதிந்துள்ள சிறு நிரல் ஒன்று உறுப்புகளைச் சோதிக்கின்றது. பின்னர், இயங்குதளம் எத்தட்டில் உள்ளதெனத் தேடுகின்றது. அதனைக் கண்டு நினைவகத்தில் ஏற்றுகின்றது. இதன் பின்னரே நாம் அறிந்த திரை தோன்றும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி எழாது. ஆனால், நாம் எழுதிச் சேர்த்த கோப்புகள் பல வேளைகளில் தட்டில் எவ்விதக் குறைவுமின்றி இருக்கும். வாயிற்கதவின் பூட்டுத் துருப்பிடித்தது கொண்டு, குதிரிலுள்ள நெல் உளுத்துவிட்டதென்று எவரேனும் முடிவு செய்வரோ?

2024ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் உலகம் இவ்வுண்மையைப் பேரளவிற் கண்டது. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்னும் நிறுவனம் அனுப்பிய பாதுகாப்பு மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றிலிருந்த பிழையால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றுவிட்டன. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. எனினும், அக்கணினிகளில் இருந்த ஆவணங்கள் அழிந்து போகவில்லை. கணினியைக் குறைந்தபட்ச இயக்கநிலையில் திறந்து, பிழையுற்ற அக்கோப்பை நீக்கியதும் அவை மீண்டும் எழுந்தன. இயங்காமை வேறு, இல்லாமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவ்வேறுபாட்டை மறந்த அவசரமே பேரிழப்பை விளைவிக்கின்றது. “எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் கணினி ஓடும்” என்று பழுது பார்ப்பவர் கூறுவார். அவர் கூற்றுப் பொய்யன்று. கணினி ஓடத்தான் செய்யும். ஆனால், எதன்பொருட்டு அஃது ஓட வேண்டுமோ அது போய்விடும். காந்த வன்தட்டில் ஒரு கோப்பை நீக்கும்போது, பெரும்பாலும் அதன் இருப்பிடக் குறிப்பே முதலில் மறைகின்றது; உள்ளடக்கமோ, அதன்மீது வேறொன்று எழுதப்படும் வரை எஞ்சியிருக்கும். ஆகவே, புதிதாக எழுதும் ஒவ்வொன்றும் பழையதைப் புதைக்கும் மண்ணாகின்றது. இக்காலத் திண்மநிலைத் தட்டுகளிலோ, நீக்கப்பட்ட பகுதிகளைத் தட்டே பின்னர்த் துடைத்துவிடுவதால் மீட்பு இன்னும் அரிதாகும்.

எனவே, மீட்பின் முதற்படி செயலன்று, செயலடக்கம். தட்டு ‘டிக், டிக்’ என ஒலித்தால், உடனே மின்னிணைப்பை நிறுத்தித் துறை வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தட்டு நலமாயிருப்பின், விரலியிலுள்ள வேறோர் இயங்குதளத்தால் கணினியைத் திறக்கலாம். அல்லது தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைக்கலாம். கோப்புகளை வேறொரு தட்டிற்குப் படியெடுத்த பின்னரே பழுது பார்ப்பில் இறங்க வேண்டும். ‘பிட்லாக்கர்’ என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவைப்படும். அதனைக் காத்து வைத்தலும் உடையவர் கடமையே.

“நாளை அலுவல் நடக்க வேண்டாமா? பொறுமைக்கு நேரமேது?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின், கணினியை இரவல் பெறலாம், விலைக்கும் வாங்கலாம். இணையத்திலிருந்து இறக்கிய சுற்றறிக்கையை மீண்டும் இறக்கலாம். தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் சொல்லச் சொல்லப் பேரன் தட்டெழுதிய வாழ்க்கைக் குறிப்பை எக்கடையில் வாங்குவது? அம்முதியவர் மறைந்திருப்பின் யாரிடம் மீண்டும் கேட்பது? ‘இதனைத் திரும்பப் பெற இயலுமா?’ என்னும் வினாவே இங்கு அறத்தின் அளவுகோலாகும். ஆவதையும் அழிவதையும் எண்ணாது செயலில் இறங்கலாகாது என்பதனாலன்றோ, வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்தார்!

இவ்வினாவிற்கு விடை கூறும் உரிமை பொருளுக்கு உடையவருக்கே உண்டு. உடையவரைக் கேளாது துடைத்துவிடுபவர், நல்லெண்ணத்தோடு செய்யினும் பிறர் பொருளை அழித்தவரே ஆவார். மேலும், மீட்பதற்கு அளித்த இசைவு படிப்பதற்கு அளித்த இசைவாகாது. பிறர் கடிதங்களையும் படங்களையும் பார்க்க வாய்ப்பிருந்தும் பாராதிருத்தலே மீட்பவரின் ஒழுக்கம். திறமை எவருக்கும் வாய்க்கலாம். இவ்வடக்கம் இருந்தாலன்றி ஒருவரை நம்பிப் பொருளை ஒப்படைக்க இயலாது.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே சற்று நின்று எண்ணுதல் நலம். மாணாக்கன் இயந்திரம் அல்லன். ஆயினும், வகுப்பில் வாய் திறவாத பிள்ளையைக் கண்டதும், ‘இவனிடம் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்’ என்று முடிவு கட்டுகின்றோம் அல்லவா? அவன் வீட்டிலிருந்து கொண்டு வந்த பேச்சும், பாட்டியிடம் கேட்ட கதைகளும் அவனுள்ளே உள்ளன. அவை வெளிவரும் வழிதான் அடைபட்டிருக்கின்றது. அவன் பேச்சைப் பிழையென்று ஒதுக்கிப் பாடநூல் மொழியை அதன்மேல் எழுதினால், அவன் தேர்வில் ‘ஓடுவான்’; ஆனால், அவனுக்கே உரிய மொழிச்செல்வம் புதைந்து போகும். முதலில் உள்ளிருப்பதைக் கேட்டறிவோம், பின்னர்த் திருத்துவோம். திருத்தம் வேண்டா என்பதன்று நம் கருத்து. வரிசை மாறலாகாது என்பதே.

மீட்கும் நிலையே நேராதவாறு காத்தல் அதனினும் சிறப்பு. அரிய கோப்புகளுக்கு வெவ்வேறிடங்களில் இரண்டு படிகளேனும் இருத்தல் வேண்டும். ஓலை செல்லரிக்கும் முன்னர்ப் புதிய ஓலையிற் படியெடுத்த மக்களின் வழிவந்தோர்க்கு இது புதிய பாடமன்று. ஓலை மாறிற்று, தாள் வந்தது. தாளை அடுத்துத் தட்டு வந்தது. நாளை வேறொன்று வரும். ஏந்தும் கலம் எதுவாயினும், ஏந்தப்படும் பொருளுக்கே முதன்மை தருவோமாக.