துப்பாக்கியும் தாயபாகமும்

தந்தை மறைந்தபின் மக்கள் கூடிப் பாகம் பிரிக்கின்றனர். நிலம், மனை, நகை, பாத்திரம், பழஞ்சுவடி என ஒவ்வொன்றுக்கும் உரியவர் ஒருவர் அமைகிறார். அவற்றின் நடுவே பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்றும் இருக்குமாயின், அதனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெற்றுக்கொள்பவர் இரும்பையும் மரக்கட்டையையும் மட்டுமே பெறுகிறாரா? அதனோடு வேறொன்றையும் சேர்த்துப் பெறுகிறாரா? இல்லறத்தார் சிந்திக்க வேண்டிய வினா இது.

துப்பாக்கியைக் குலச் சொத்தாகவே போற்றும் மக்கள் நம் அண்டை நிலமாகிய குடகில் வாழ்கின்றனர். குடவர் இல்லங்களில் ஆண்மகவு பிறந்தாலும், பெரியவர் இறந்தாலும் துப்பாக்கி முழங்குவது மரபு. செப்டம்பர்த் திங்களில் வரும் 'கைல்போத்' என்னும் ஆயுதத் திருநாளில் அதனைத் துடைத்து, பூச்சூட்டி வழிபடுவர். சூட்டும் மலர் நாம் நன்கறிந்த செங்காந்தளே. அவர்கள் மொழியில் அதற்குத் 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்றே பெயர். ஆயுத உரிமம் பெறுவதிலிருந்து ஆங்கிலேயர் காலத்திலேயே அம்மக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் மத்திய அரசு அவ்விலக்கை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021 இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதே குடகு நாட்டில், முள்ளூரில், 11 ஆம் நூற்றாண்டில் கொங்காள்வர் எழுப்பிய ஜினாலயங்களும் இன்றளவும் நிற்கின்றன. அம்மக்களின் மரபைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது எழுப்பும் வினாவை நம் அறநெறியில் வைத்து ஆராய்வதே நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். வினை தாயபாகமாக வருவதில்லை. செய்தவரே தம் வினையைக் கட்டுகிறார், அவரே அதன் பயனை நுகர்கிறார். பாட்டனார் வீழ்த்திய மானின் பாவம் பேரனுடைய கணக்கில் எழுதப்படுவதில்லை. துப்பாக்கியும் அஜீவப் பொருள். அதற்கு எண்ணமில்லை, கஷாயமில்லை. ஆதலின் அது சுவரில் தொங்குவதால் மட்டும் எவரும் கொலைஞர் ஆகிவிடார். இதுவரை ஐயமில்லை.

எனினும் ஆராய்ச்சி இத்துடன் முடிவதில்லை. வினை வந்து சேர்வதற்கு இடமாகும் அதிகரணத்தைத் தத்துவார்த்த சூத்திரம் ஜீவம், அஜீவம் என இருவகைப்படுத்துகிறது. ஜீவ அதிகரணம் 108 வகைப்படும். நினைத்தல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், வாக்கு, காயம் என மூன்று. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 ஆகும். விசையைத் தொடாதவர் தாமே செய்யும் வகைக்கு அப்பாற்பட்டிருக்கலாம். ஆனால் விருந்தினரை அழைத்து, "எங்கள் தாத்தா இதனால் எத்தனை புலி வீழ்த்தினார் தெரியுமா?" என்று ஒருவர் பெருமிதத்தோடு உரைக்கும்பொழுது என்ன நிகழ்கிறது? வாக்கினால் உடன்பாடு, அதன் வேர் மானமாகிய கஷாயம். பாட்டனாரின் வினை பேரனிடம் வரவில்லை. பேரன் தனக்கெனப் புதுவினை ஒன்றைத் தேடிக்கொள்கிறார். அருகே அமர்ந்து கேட்கும் சிறுவன் உள்ளத்திலும் அதே விதை விழுகிறது. இரும்பைவிட இதுவன்றோ உண்மையான தாயபாகம்!

இங்கு ஒரு தடை எழலாம். "நாம் உழுகுடியினர். ஏர்முனையிலும் உயிர்கள் மடிகின்றன. ஏரைப் போற்றிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் விலக்குவது முறையா?" நியாயமான கேள்வியே. ஏரினால் நேர்வது ஆரம்ப இம்சை. உழவனின் நோக்கம் விளைச்சல். உயிர்கள் மடியாமலே நிலம் உழக்கூடுமாயின் அவன் மகிழ்வான். வேட்டைத் துப்பாக்கியோ உயிர் போனால்தான் தன் பயனை அடைகிறது. அது சங்கற்ப இம்சை. ஆகவேதான் வேட்டையை ஏழு வியசனங்களுள் ஒன்றாக ஆன்றோர் வைத்தனர். பயிரையும் உயிரையும் காக்க நேரும் விரோதி இம்சை வேறு; விளையாட்டாகக் கொல்வது வேறு.

1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு ஏறத்தாழ முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. கைல்போத் நாளிலும் இன்று தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டியே நடைபெறுகிறது. இதனைக் கேட்டவுடன் யசோதர காவியம் நம் நினைவுக்கு வரும். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே மன்னனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர் அன்றோ? தேங்காயும் அத்தகையதுதானா? அன்று என்பதே நம் கருத்து. மாக்கோழியை வெட்டியவன் கோழியையே உள்ளத்தில் வெட்டினான். தேங்காயைத் தேங்காயாகவே கருதிச் சுடுபவனிடம் அச்சங்கற்பம் இல்லை. ஆனால் ஓடும் மானை எண்ணிக்கொண்டு ஒருவன் தேங்காயைச் சுடுவானாயின், அவன் மாக்கோழியின் அருகே வந்துவிட்டான். பொருள் ஒன்றே, பாவனையே வேறுபாடு.

அப்படியானால் துப்பாக்கியைப் பெற்ற சிராவகர் செய்யத்தக்கது யாது? நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்பர் சிலர். கொலைக்கருவியைப் பிறர்க்கு அளிப்பதை இம்சாதானம் எனக் கூறி, அனர்த்த தண்டத்துள் வைத்தார் சமந்தபத்திராசாரியார். தன் இல்லத்துத் தீங்கை விலைபெற்றுப் பிறர் இல்லத்திற்கு மாற்றுவது விரதமாகாது. உரிமம் இல்லாமல் ஒளித்து வைப்பதோ சட்டத்திற்கும் அறத்திற்கும் மாறானது. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் அற்றுப்போன ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் இரண்டே என 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. வழிவழி வந்தவையும் இவ்வெண்ணிக்கையில் அடங்கும். ஆதலின் விலை கருதாது காவல் நிலையத்தில் ஒப்படைத்து உரிமையைத் துறப்பதே நேரிய வழி.

முன்னோரை அவமதிப்பதாகுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. அவர்கள் அக்காலத்து வழக்கின்படி நடந்தனர். அவர்களின் உழைப்பையும், ஈகையையும், குடும்பம் காத்த திறத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். வேட்டையாடினர் என்பதையும் மறைக்காமல், பெருமை சேர்க்காமல் சொல்லுவோம். பாகம் பிரிக்கும் நாளில் எதைப் பெறுகிறோம் என்பதைச் சட்டம் முடிவு செய்யும். எதை நம்மோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

அறம் வளர்க!