பற்றும் பாதரசமும்

சுந்தரபாண்டியத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அதில் சதுரகிரி, சித்தர்கள் இன்றும் உலவுகிறார்கள் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் நம்புகிற இடம். தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில் சித்த வைத்தியம் பார்த்து வந்த தாத்தா ஒருவர் இருந்தார். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அவர் வீட்டு மாடத்திலிருந்த குப்பியைத் திறந்து, பாதரசத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன். அமுக்கினால் பத்தாகச் சிதறியது. சேர்த்தால் மறுபடி ஒன்றாயிற்று. செப்புக் காசொன்றில் தேய்த்தேன். காசு வெள்ளியாகப் பளபளத்தது!

தாத்தா பார்த்துவிட்டார். ஆனால் அடிக்கவில்லை.

"ஏலே, முதல்லே கையைக் கழுவு. பிடிச்சா விடாத சாமான் அது. பற்று எங்கே இருக்கோ அங்கேதான் விஷமும் இருக்கு" என்றார். பிறகு தரையில் சிந்தியதன்மேல் கந்தகப் பொடியைத் தூவினார்.

பற்றுத்தான் விஷமா? இந்தக் கேள்வி வெகுகாலம் என்னை விடவில்லை.

ரசாயனம் படித்த நண்பர் ஒருவர் பின்னாளில் விளக்கினார். விழுங்கிய பாதரசம் பெரும்பாலும் உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடுமாம். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாமல் எழும் அதன் ஆவியில் இருக்கிறது. மூச்சோடு புகுந்து, ரத்தத்தில் கலந்து, மூளைக்கும் போகிறது. அங்கங்கே எலெக்ட்ரான்களை இழந்து அயனியாக மாறுகிறது. அயனியானதும் அது தேடுவது கந்தகத்தை. நம் புரதங்களில் சிஸ்டீன் என்ற கண்ணி உண்டு. அதன் நுனியில் கந்தகம் இருக்கிறது. அதைப் பாதரசம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட நொதி, வேலையை நிறுத்திவிடுகிறது. இப்படிக் கந்தகம் கொண்ட ஒரு வகைப் பொருள்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் டேனிஷ் விஞ்ஞானி ஸைஸே, 'மெர்காப்டன்' என்று பெயரிட்டார். பாதரசத்தைப் பிடிப்பது என்பது பொருள்.

ஆனால் அந்தக் கந்தகம் பாதரசத்துக்காக அங்கே காத்திருக்கவில்லை. தலைமுடிக்கு உறுதி தருவது அதுதான். பல புரதங்களில் உயிருக்கு வேண்டிய துத்தநாகத்தைத் தாங்கி நிற்பதும் அதுதான். உறவு கொள்ளத் தெரிந்த இடமாக இருப்பதனாலேயே பகைக்கும் அது வாசலாகிவிடுகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் மீதைல் பாதரசம். அது சிஸ்டீனைப் பற்றிக்கொண்டதும், உடம்புக்கு வேண்டிய வேறொரு சத்துப் பொருளைப் போன்ற உருவம் அடைகிறது. மூளையின் காவல் அதை நம்பி உள்ளே விட்டுவிடுகிறது. தவசி வேடத்தில் வந்து நின்ற இராவணனுக்குச் சீதை ஆசனம் இடவில்லையா? விருந்தோம்பியது அவள் குற்றமா?

பற்றே வேண்டாமென்று கந்தகத்தை நீக்கிவிட்டால் விஷம் ஏறாது, உயிரும் இராது.

மருந்தும் அந்தப் பற்றிலேயே இருப்பதுதான் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்போர்டில், ஆர்ஸெனிக் கலந்த லூயிஸைட் என்ற நச்சுக்கு மாற்றுக் கண்டுபிடித்தார்கள். நண்டு தன் இடுக்கியால் கவ்வுவதுபோல், இரண்டு கந்தகக் கைகளால் உலோகத்தைக் கவ்வி வெளியே இழுத்து வரும் மருந்து அது. பாதரச விஷத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். நம் உடம்பிலேயே மெட்டலோதயோனீன் என்றொரு சிறு புரதம் இருக்கிறது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறிந்தார்கள். அதன் கண்ணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சிஸ்டீன். மற்றப் புரதங்களுக்கு வரவேண்டிய உலோகத்தை அது தன்மேல் தாங்கிக்கொள்கிறது. வீட்டுக்கு மூத்தவன் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதில்லையா, அதுபோல.

எங்கள் மலையைப் பார்த்தபடி வடக்கே போய், பள்ளத்தாக்கையும் தாண்டினால் கோடைக்கானல் வருகிறது. அங்கே 1980களில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று, பின்னர் ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. ஜுரத்தை அளந்து சொல்லும் கருவி அங்கே உருவாயிற்று. 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தது தெரிந்து ஊர் திரண்டது, ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே வேலை செய்ததால் உடல்நலம் கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். அப்படியில்லை என்றது கம்பெனி. 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் பணம் தருவதாகக் கம்பெனி சொல்லிற்று.

மனிதாபிமானம் நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த இடத்தில் அது என் நெஞ்சில் உறுத்துகிறது. வழியில் விழுந்து கிடக்கும் அந்நியனுக்கு நான் காட்டுவது மனிதாபிமானம். என் வீட்டில், என் வேலையைச் செய்யும்போது ஒருவன் விழுந்தால் நான் அவனுக்குக் காட்டவேண்டியது வேறு. அதற்குப் பெயர் பொறுப்பு. பொறுப்பென்பதும் ஒரு பற்றுத்தானே? செய்த காரியத்தோடு தன்னைப் பிணைத்துக்கொள்வது.

உலோகத்துக்கு விவேகம் கிடையாது. கண்ட கந்தகத்தைப் பிடிக்கும். அதன்மேல் வழக்குப் போட முடியாது. மனிதனோ எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரிந்தவன். லாபத்தைப் பற்றிக்கொண்டு, விளைவை விட்டுவிடவும் அவனுக்குத் தெரியும். சந்நியாசி பற்றறுத்தால் அது துறவு. முதலாளி தன் ஆலையின் விளைவிலிருந்து பற்றறுத்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தாத்தாவின் வாக்கியத்தை இன்று நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரும் அப்படி வாழவில்லை. பற்றைப் பழித்த அந்த மனிதர், நான் பாதரசத்தைத் தொட்ட நாளிலிருந்து ஒரு மாதம் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏலே, வாயைத் திற" என்று சொல்லி என் ஈறுகளை வெளிச்சத்தில் பார்ப்பார். குப்பியைத் திறந்தவன் நான்தான். ஆனால் திறக்கக்கூடிய இடத்தில் அதை வைத்தது தாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.