பின்னால் என்ன இருக்கிறது?

"யாரைச் சுடப் போற?" என்று அப்பா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "யாரையும் இல்லப்பா. ஃபிரெண்ட்ஸோட ஒரு மணி நேரம். அட்டையைச் சுடுறதுதான்" என்றேன். அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அட்டைக்கு எதுக்குடா துப்பாக்கி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நண்பன் ஒருவன் அஜித் ரசிகன். 2021-இல் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் அஜித் பதக்கங்கள் வாங்கியதிலிருந்து அவனுக்கு இந்த ஆசை. பயிற்சிக்கூடம் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. ஏசி அறை, வரிசையாகத் தடுப்புகள், பத்து மீட்டர் தள்ளி வெளிச்சத்தில் சதுர அட்டைகள். மனித உருவம் எதுவும் இல்லை, கறுப்பு வட்டம் மட்டும். கையில் தருவது காற்றுத் துப்பாக்கி. அழுத்திய காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளும். சத்தம்கூட சினிமா சத்தம் இல்லை, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் மோதுவதுபோல ஒரு 'டப்'.

பயிற்சியாளருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முதல் அரை மணி நேரம் எங்களைத் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. குழாய்க்குள் ஆரஞ்சு நிறக் கயிறு செருகியிருந்தால் குண்டு இல்லை என்று அர்த்தம். ஆனால் கயிறு இருந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். முனை எப்போதும் அட்டையின் பக்கம்தான் இருக்க வேண்டும். குறி வைக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அட்டைக்குப் பின்னாடி என்ன இருக்கு, சொல்லுங்கண்ணா" என்றாள்.

"சுவர்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம்?"

எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"படிக்கட்டு. நீங்க ஏறி வந்தீங்களே, அதேதான். ஆளுங்க போவாங்க, வருவாங்க. அதனாலதான் அங்க இரும்புத் தகடு அடிச்சிருக்கோம். எங்க போனாலும் இதை மொதல்ல கேளுங்க. குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம சுடக் கூடாது."

அதற்குப் பிறகுதான் பிஸ்டல் கைக்கு வந்தது. ஒரு கிலோ இருக்கும். ஒரே கையால் பிடிக்க வேண்டும். நீட்டிய கை பத்து நொடியில் நடுங்க ஆரம்பிக்கிறது. அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. நான் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு சுட்டேன். மூன்று, நான்கு, ஒன்று அட்டைக்கே வெளியே.

"அட்டையைப் பாக்காதீங்கண்ணா. துப்பாக்கி முனையில இருக்குற அந்தக் குச்சியைப் பாருங்க. அது தெளிவாத் தெரியணும், அட்டை மங்கலாத்தான் தெரியணும்."

கண்ணால் ஒரே நேரத்தில் கிட்டத்தையும் தூரத்தையும் தெளிவாகப் பார்க்க முடியாது, ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியது குறியை. சொன்னபடி செய்தேன். எட்டு. ஒன்பது. கடைசிச் சுற்றில் ஒரு பத்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஏழெட்டு நொடியில் ஆபீஸ் இல்லை, இஎம்ஐ இல்லை, பக்கத்தில் நிற்கும் நண்பன்கூட இல்லை. ஒரு குச்சி, அதற்குப் பின்னால் ஒரு கறுப்பு மங்கல், அவ்வளவுதான். இந்த சுகம் புதிதாக இல்லாததுதான் ஆச்சரியம். இதை எங்கோ அனுபவித்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் முன்னால் நின்ற பைக்கின் டெலிவரி பையைப் பார்த்ததும் எங்கே என்று தெரிந்துவிட்டது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், டெலிவரி ஆப் ஒன்றுக்காக ஒரு மாடல் எழுதினேன். எத்தனை ஆர்டரை ரத்து செய்தார், எவ்வளவு தாமதம் என்பதை வைத்து ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே போனால் அவருடைய ஐடி ஒரு வாரம் தானாகவே முடங்கும். மூன்று மாதம் அதன் துல்லியத்தை ஏற்றுவதே என் வேலை. இரவு பதினொரு மணிக்கு அந்த எண் ஒரு புள்ளி ஏறினால் வரும் சந்தோஷம்தான் அன்றைக்கு அந்தப் பத்தில் எனக்குக் கிடைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது டாஷ்போர்டை. அதாவது என் துப்பாக்கியின் முனையை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்து சில நாள் கழித்து, மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒருவர் கேட்டருகே நின்றார். "சார், மழையில ஆர்டர் எடுக்க முடியல. ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க. நீங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க, இதுக்கு யார்கிட்ட சார் பேசணும்?"

அவர் பையில் இருந்த பெயர் எனக்குத் தெரியும். நான் ஹெல்ப்லைன் எண்ணைத் தேடிக் கொடுத்தேன்.

கோடில் பிழை எதுவும் இல்லை. எழுதியபடியே வேலை செய்தது. மழையில் ரத்து செய்தவரையும் சோம்பலில் ரத்து செய்தவரையும் அது ஒன்றாகவே பார்த்தது, ஏனென்றால் நான் அப்படித்தான் பார்த்திருந்தேன். மறுநாள் இதைப் பற்றி ஒரு டிக்கெட் போட்டேன். அது வரிசையில் கீழே கீழே போனது. நான் வேறு காரணத்துக்காக வேலை மாறினேன்.

குறி பார்த்தல் என்றதும் நமக்கெல்லாம் நினைவு வருவது துரோணர் வைத்த தேர்வு. மரத்தில் ஒரு பறவை. என்ன தெரிகிறது என்று கேட்கிறார். தருமன், மரமும் பறவையும் தம்பிகளும் நீங்களும் தெரிகிறீர்கள் என்கிறான். தள்ளி நிற்கச் சொல்கிறார். அர்ஜுனனுக்குப் பறவையின் தலை மட்டும் தெரிகிறது. நாம் சொல்லும் கதைகளில் அது கண்ணாகச் சுருங்கிவிட்டது. பள்ளியிலிருந்து கார்ப்பரேட் பயிற்சி வகுப்புவரை இந்தக் கதையைச் சொல்லி, அர்ஜுனன் மாதிரி இரு என்கிறார்கள்.

வியாச பாரதத்தில் அந்தப் பறவை உயிருள்ளது இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. துரோணர் கைவினைஞர்களிடம் சொல்லிச் செய்துவைத்த பொம்மை. அதாவது அது ஒரு பயிற்சிக்கூடம். இரும்புத் தகடு அடிக்கும் வேலையை ஆசிரியர் ஏற்கெனவே செய்துவிட்டார், அதனால் மாணவன் எதையும் பார்க்காமல் இருக்கலாம். குருக்ஷேத்திரத்தில் தகடு இல்லை. அங்கே அதே அர்ஜுனன் தேரை நடுவில் நிறுத்தச் சொல்லிப் பார்க்கிறான். தாத்தா, மாமன், தம்பி, அந்தத் தேர்வை வைத்த ஆசிரியர் எல்லோரும் தெரிகிறார்கள். காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. அன்று தருமன் சொன்ன பதிலுக்கு அவன் இத்தனை வருஷம் கழித்து வந்து சேர்கிறான். கண்ணன் பதில் சொன்னான், போரும் நடந்தது, சரி. ஆனால் கேள்வி கேட்பதற்கு அது ரொம்பத் தாமதமான இடம்.

குவிந்த பார்வை தப்பு என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை செய்பவர் துணியில் திறந்திருக்கும் அந்தச் சதுரத்தை மட்டும் பார்க்காமல், நோயாளியின் குழந்தைகளை நினைத்துக்கொண்டிருந்தால் கை நடுங்கும். ஆனால் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, நோயாளியின் பெயர் என்ன, என்ன சிகிச்சை, உடலில் எந்த இடம் என்று குழுவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. முதலில் தருமனாகப் பார்க்க வேண்டும், பிறகு அர்ஜுனனாக. அந்தப் பெண் எங்களுக்குச் சொன்ன வரிசையும் அதுதான். என் வேலையில் அந்த முதல் அரை மணி நேரம் இல்லை. தகட்டை வேறு யாரோ, புராடக்ட் டீமோ சட்டத் துறையோ, அடித்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் நான் அடித்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் பத்து அடித்ததைச் சொன்னேன். பிறகு, இத்தனை வருஷத்தில் அவருக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டேன். ஆவடியில் செய்யும் ஒரு டேங்குக்குப் பெயரே அர்ஜுன்.

"நான் பார்த்தது கியரு. மைக்ரோமீட்டர்ல அளவு சரியா இருக்கான்னு பார்ப்பேன். வண்டி எங்க போச்சு, யாரு மேல போச்சுன்னு கேட்டதில்ல." கொஞ்சம் ரசம் விட்டுக்கொண்டார். "அதையெல்லாம் பாக்குறதுக்குக் கவர்மெண்ட் இருக்குன்னு நினைச்சேன். கேட்டிருக்கணுமான்னு இப்பவும் தெரியல."

அவருக்குப் பின்னால் ஒரு நாடாளுமன்றமாவது இருந்தது, கேள்வி கேட்க ஆள் இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு டிக்கெட் வரிசைதான் இருந்தது.

இப்போது இருக்கும் வேலையில், யாராவது ஒரு கோட்டை நிர்ணயித்தால், கீழே விழுகிறவர் யார், விழுந்தால் யாரிடம் பேசுவார் என்று கேட்கிறேன். மீட்டிங்கில் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஆப்புக்கு மாறிவிட்டார். காலையில் கிளம்பும்போது பார்த்தால், "என்ன சார், கிளம்பியாச்சா" என்று கேட்பார். அந்த மாடல் யார் எழுதியது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.